சாமிக்கு எதுக்கு ரப்பர்

போன வாரம் சாமிக்குப் பென்சில் வாங்க உத்திரமேரூர் பஜாருக்குப் போனேன். இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "எங்கம்மா, கடைக்கா?" என்று கேட்டபோது எனக்கும் லேசாக வந்தது. "ஆமாம்மா, பூஜ சாமான் வாங்கணும்" என்றேன். அவர் பூவும் கற்பூரமும் என்று நினைத்துக்கொண்டு, எந்தக் கடையில் பூ மலிவு என்று இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பூ, வெற்றிலை, கற்பூரம், மஞ்சள் எல்லாம் வாங்கி முடித்துவிட்டுக் கடைசியில்தான் பாய் கடைப் படி ஏறினேன். நோட்டு, பேனா விற்கிற கடை. அங்கே கடைக்காரருக்கு முன்னால் வாசனைதான் வந்து நம்மைக் கூப்பிடும். புது நோட்டு வாசனை, பிரவுன் அட்டை வாசனை, கோந்து வாசனை, இது எல்லாவற்றுக்கும் மேலே பென்சில் அழிக்கிற ரப்பரின் வாசனை. அது மூக்கில் ஏறியதும் என் கால் படியிலேயே நின்றுவிட்டது. பின்னால் வந்தவர், "வழில நின்னுக்கினா எப்டிம்மா, நவுரு" என்றார்.

சாமி யார் என்று சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சி. பெயர் தேன்மொழி. வீட்டில் தேனு.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் ஒரு பெண் போய்ச் சேர்ந்துவிட்டால் அவள் அந்த வீட்டுக்குச் சாமி. பூவாடைக்காரி என்று சொல்வார்கள். வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் அதற்கு முன்னால் அவளுக்குப் படைக்க வேண்டும். புதுத் துணியை மஞ்சள் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மடித்துப் பலகைமேல் வைத்து, பூப்போட்டு, உயிரோடு இருந்தபோது அவள் எதை ஆசையாகத் தின்றாளோ, எதை ஆசையாக வைத்துக்கொண்டாளோ, அதையெல்லாம் முறத்தில் பரப்பிக் கூப்பிட வேண்டும். அவள் வந்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் பந்தக்காலே நடுவார்கள். இந்தத் தை கடைசியில் எனக்குக் கல்யாணம். தேனு போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அதைப்பற்றி இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, விட்டுவிடுங்கள்.

"இனிமே அவ நம்ம வூட்டு சாமிடி. நாம நல்லா வெச்சிக்கினா அவ நம்மள நல்லா வெப்பா" என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. அந்த ஆறுதல் எனக்கு வரவில்லை. எனக்குச் சாமி வேண்டாம். ஏற்கெனவே நிறைய சாமி இருக்கிறது. தங்கச்சி ஒருத்திதான் இருந்தாள்.

இன்னொன்றும் இருக்கிறது. பூவாடைக்காரி பிறந்த வீட்டுக்குத்தான் சொந்தம். தாலி ஏறியதும் நான் வேறு வீட்டுப் பெண். அந்த வீட்டுப் பூவாடைக்காரிக்குத்தான் நான் முறம் எடுத்து வைக்க வேண்டும். இங்கே நைனா இருக்கிறவரை நைனா செய்வார், அப்புறம் சித்தப்பா பிள்ளைகள் செய்வார்கள். அவர்களுக்குத் தேனுவைப் பற்றி என்ன தெரியும்? ஆக, என் கையால் அவளுக்கு எடுத்து வைப்பது இதுதான் முதலும் கடைசியும். முறத்தில் இருக்கிற சாமானாவது பள்ளிக்கூடத்துப் பெண்ணுடைய சாமானாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் பார்த்துப் பார்த்து வாங்கியது உலகத்திலேயே இரண்டுதான். பென்சில், ரப்பர்.

நான் அப்படி இல்லை. நான் படித்தது எட்டாவது வரைக்கும். தங்கச்சி படிக்கட்டும் என்று அக்கா படிப்பை விட்டுவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அம்மா அதையே சொன்னாள். அவர்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். நான் தியாகி மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிஜம் என்னவென்றால் எனக்குப் படிப்பு ஏறவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் பின்னம் வந்தது, நான் வெளியே வந்துவிட்டேன். சரஸ்வதி பூஜை அன்றைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது என்பார்களே, அதுதான் எனக்குப் பிடித்த பண்டிகை.

படிக்கிற காலத்தில் நான் பென்சில் வாங்கியது கண்ணுக்காக. மினுமினுவென்று இருக்க வேண்டும், தலையில் பொம்மை ஆட வேண்டும். ரப்பர் வாங்கியது மூக்குக்காக. ஸ்ட்ராபெரி மாதிரி ஒரு ரப்பர் வரும், ரோஸ் கலரில். ஸ்ட்ராபெரியை நான் இன்றுவரை தின்றதில்லை, ஆனால் ரப்பரைத் தின்றிருக்கிறேன். ஓரமாகக் கடித்து, பல்லில் வைத்து நசுக்கிக்கொண்டே பாடம் கேட்பேன். எழுதினதை அது அழிக்காது, கருப்பை நாலு பக்கமும் இழுத்து விடும். எச்சில் தொட்டுத் தேய்த்தால் காகிதம் ஓட்டையாகிவிடும். டீச்சர் நோட்டைத் தூக்கிப் பிடித்து அந்த ஓட்டை வழியாக என்னைப் பார்த்து, "இது நோட்டாடி, ஜன்னலா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், அதற்குத் தனியாக அடி விழுந்தது.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகும் ஒரு ஸ்ட்ராபெரி ரப்பர் வாங்கினேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மானாம்பதி பக்கம் வேர்க்கடலைக்குக் களை எடுக்கப் போவோம். அந்த ரப்பரைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு போவேன். வெயில் ஏறினால் எடுத்து மோந்து பார்ப்பேன். கூட வேலை செய்த ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாடி அது, புல்ல அழிக்கப் போறியா?" என்றாள். அன்றைக்கு முழுக்க எல்லோரும் அதைச் சொல்லியே களை எடுத்தார்கள். "தே, இங்க ஒரு கோரை வுட்டுட்ட பாரு, அழி." எழுதுவதற்கு ஒரு நோட்டு இல்லை, கையில் ரப்பர் மட்டும் இருந்தது. அந்த வயசில் எனக்கு அது எப்படி இருந்தது என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் பிடிக்காதுதான். ஆனாலும் பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பேன்.

தேனுவை முதல்முதலாகப் பாய் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனது அப்போதுதான். அவள் சின்ன வகுப்பு. ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், கடை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. அந்த நாளில் பென்சில்களை ஒரு எவர்சில்வர் சொம்பில் பூங்கொத்து மாதிரி நிறுத்தி வைத்திருப்பார்கள். ரப்பர்கள் கண்ணாடி ஜாடியில், மிட்டாய் மாதிரி. கையை விட்டு நாமே எடுக்கலாம். நான் வழக்கம்போல மினுமினுக்கிற ஒன்றை உருவி நீட்டினேன். தேனு அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொம்பில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகப் பிடித்து, அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி பாக்கற?"

"கரி நடுவுல கீதான்னு பாக்கறங்கா."

நான் எழுதித் தள்ளிய பழைய பென்சில்கள்தான் அதுவரை அவளுக்கு வந்துகொண்டிருந்தன. அதில் கரி ஒரு ஓரமாகவே இருக்குமாம். சீவினால் ஒரு பக்கம் மரம் மூடிக்கொள்ளும், ஒரு பக்கம் கரி மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும், எழுத்தை அழுத்தினால் பொடுக்கென்று ஒடியும். யாரும் சொல்லித் தரவில்லை. என் பென்சில்களோடு பட்ட பாட்டில் அவளே கண்டுபிடித்தது.

அதோடு விடவில்லை. கண்ணாடி மேஜையில் பென்சிலைப் படுக்க வைத்து உருட்டினாள். தாடையை மேஜைமேல் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, பென்சிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். வளைந்த பென்சில் தத்தித் தத்திப் போகும். நேரான பென்சில் ஒரே சத்தமாகப் போகும். பாய் முதலில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கூட்டம் நெருக்கியது.

"இன்னா பாப்பா, பென்சிலு வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா?" என்றார்.

தேனு தாடையை எடுக்காமலே, "மாப்ளன்னா இவ்ளோ பாக்க மாட்டாங்க பாய்" என்றாள்.

கடையே சிரித்தது. பாய் சிரித்துச் சிரித்து இருமினார். அவள் சொன்னது எவ்வளவு சரி என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. எனக்கு மாப்பிள்ளை பார்த்தது காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. புள்ளலூர்க்காரர். நல்ல மாதிரிதான். தினமும் போன் பண்ணி, "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன். நீங்க?" என்பேன். "சாப்ட்டேன்" என்பார். அப்புறம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். ஒருநாள் தேனுவின் பென்சில் கதையைச் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். "பென்சிலா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் எனக்கு மேலே சொல்ல வாய் வரவில்லை. அதுதான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரப்பருக்குத் தேனு வேறு சோதனை வைத்திருந்தாள். கட்டைவிரல் நகத்தால் அமுக்குவாள். குழி விழுந்து உடனே மறைய வேண்டும். மறையாமல் நின்றால் அது கொஞ்ச நாளில் கல்லாகிவிடும் என்பாள். பிறகு மேஜைக் கண்ணாடியில் ஒரு இழுப்பு. வழுக்கிக்கொண்டு போனால் வேண்டாம், பிடித்துப் பிடித்து வந்தால்தான் வாங்குவாள். பழ ரப்பர், பொம்மை ரப்பர், வாசனை ரப்பர் எதுவும் அவளிடம் தேறியதில்லை. வெள்ளையாக, காகித உறை போட்ட சாதாரண ரப்பர் போதும். அந்த உறையையும் கடைசிவரை கழற்ற மாட்டாள். ரப்பர் தேயத் தேய உறையைக் கொஞ்சமாகக் கிழித்துக்கொண்டே வருவாள். ஏன்டி என்று கேட்டால், "அதுக்கும் சட்ட வோணும்லக்கா" என்பாள்.

பதினெட்டு முடிந்ததும் நான் கம்பெனி வேலைக்குப் போனேன். ஒரகடம் பக்கம், பிளாஸ்டிக் பாகம் செய்கிற கம்பெனி. கூட்ரோட்டில் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். வெள்ளை லைட்டுக்குக் கீழே பாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருந்தால், வளைவு இருந்தால், சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். அதற்கு ரிஜெக்ட் என்று பெயர். வீட்டில் வந்து சொன்னேன். தேனுவுக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த ஜூனில் பாய் கடையில், "இது ரிஜெக்ட் பாய். இதுவும் ரிஜெக்ட்" என்று சொம்பைக் காலி செய்துகொண்டிருந்தாள். பாய் என்னைப் பார்த்து, "எம்மா, உன் தங்கச்சிய ஒண்ணு என் கடைக்கு வேலைக்கு வுடு, இல்ல கடைக்கு வெளிய வுடு. நடுவுல வெச்சிக்கினு என்னால முடியல" என்றார்.

நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் தப்பே செய்ய மாட்டார்கள் என்று நான் நினைத்திருந்தேன். நான் எழுதினால் தப்பு, அவள் எழுதினால் சரி, அவ்வளவுதான் வித்தியாசம் என்று. அப்படி இல்லை. தேனு நிறைய தப்பு எழுதுவாள். என்னைவிட அதிகமாகவே எழுதினாள், ஏனென்றால் என்னைவிட அதிகமாக எழுதினாள். நான் தப்பைப் பார்த்தால் நோட்டை மூடிவிடுவேன். அவள் அழிப்பாள். சாயந்திரம் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவதும் அழிப்பதும் ஊதுவதுமாக இருப்பாள். ரப்பர் தூள் பாய் முழுக்கக் கிடக்கும். அதே பாயில்தான் நானும் படுப்பேன். ஒருநாள் கம்பெனியில் தொப்பி மாட்டும்போது என் தலையிலிருந்து கொட்டியது. சூப்பர்வைசர் மேடம் கிட்டே வந்து பார்த்து, "என்னம்மா இது, பொடுகா?" என்றார். "ரப்பர் தூள் மேடம்." "நீ ஸ்கூலுக்குப் போறியா, கம்பெனிக்கு வர்றியா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்குக் கோபம் வரவில்லை. ஸ்கூலுக்குப் போகிறவள் என்று ஒருத்தர் என்னைக் கேட்டுவிட்டாரே என்று இருந்தது.

பதினொன்றாவதில் அவள் இதயத்தின் படம் வரைந்தாள். நன்றாக வரைந்து, பெயரெல்லாம் எழுதி முடித்துவிட்டு, எழுதின பெயரையெல்லாம் மறுபடி அழித்தாள்.

"ஏன்டி அழிக்கற? நல்லாத்தான கீது."

"வலது எடது மாத்திப் போட்டுட்டங்கா."

"வலது பக்கத்துல வலதுன்னுதான எழுதிகீற?"

"நமக்குத்தாங்கா அது வலது. இது நம்மளப் பாத்துக்கினு நிக்கறவங்களோட இதயம். அவங்களுக்கு அது எடது."

நான் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவள் சொன்ன பிறகு, யாரோ என் எதிரே வந்து நின்றுகொண்டிருக்கிற மாதிரி இருந்தது.

இப்போது பாயில் தூள் இல்லை. பெருக்க வேண்டிய வேலை இல்லை. வேலை விட்டு வந்தால் கம்பெனிக் கதை சொல்ல ஆள் இல்லை. ரிஜெக்ட் என்று சொன்னால் சிரிக்க ஆள் இல்லை. அம்மாவும் நைனாவும் டிவி பார்க்கிறார்கள், நானும் பார்க்கிறேன். மூன்று பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

பாய் கடைக்கு வருகிறேன். படியில் நின்றேன் என்று சொன்னேனே. உள்ளே போய்ப் பார்த்தால் சொம்பும் இல்லை, ஜாடியும் இல்லை. பாயின் மகன் நின்றுகொண்டிருந்தார். சுவர் முழுக்கக் கொக்கி, கொக்கியில் பாக்கெட்டுகள். ஒரு கொத்துப் பென்சில், கூடவே ஒரு ரப்பர், ஒரு ஷார்ப்னர், எல்லாவற்றையும் சேர்த்துக் கண்ணாடித்தாளில் ஒட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"தனியா இல்லையா?" என்று கேட்டேன்.

"தனியா யாருக்கா வாங்கறாங்க இப்ப? பாக்கெட்டா எட்துக்கோங்க. ரப்பர் ஃப்ரீ."

"பிரிச்சிப் பாக்கலாமா?"

"பிரிச்சா நான் எப்டிக்கா விக்கறது? எல்லாம் மெஷின்ல செய்யறது. எல்லாம் ஒண்ணுதான்."

அப்போது உள்ளே நாற்காலியில் இருந்து ஒரு குரல் வந்தது. "யாருடா? பென்சிலு பாப்பாவோட அக்காவா?" பாய்தான். இப்போது அவருக்குப் பார்வை கம்மி, கல்லாவில் உட்காருவதில்லை. அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் கடைக்கு எதிர்ச் சுவரில்தான் இருந்தது. தேனுவின் முகம் வெளுத்து, கிழிந்து, அதன்மேல் வேறு போஸ்டர் ஒட்டுகிறவரைக்கும் அது அங்கே இருந்தது.

"பிரிச்சிக் குடு" என்றார் மகனிடம்.

"அத்தா, பாக்கெட்டப் பிரிச்சா..."

"பிரின்றேன். எத்தினி கேக்குதோ அத்தினியும் பிரி."

யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. பென்சில்கள் கண்ணாடிமேல் கொட்டின. நான் குனிந்து தாடையை மேஜையில் வைத்தேன். ஒரு கண்ணை மூடினேன். எத்தனையோ வருஷமாகக் கம்பெனியில் வளைவு பார்த்த கண்தான், ஆனாலும் ஒன்றும் தெரியவில்லை, தண்ணீராகத் தெரிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பாயின் மகன் சொன்னது உண்மைதான். எல்லாம் நேராக இருந்தன. எல்லாவற்றிலும் கரி நடுவிலேயே இருந்தது. தேனு இருந்திருந்தால் ரிஜெக்ட் பண்ண ஒன்றும் கிடைக்காமல் பேஜாராகி இருப்பாள். வளைந்தது நாலு இருந்தால்தானே நேரானதைத் தேடி எடுக்க முடியும்? ஏதோ ஒன்றை எடுத்தேன். அதுவாக என் கையில் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும், நான் தேர்ந்தெடுத்தது இல்லை.

ரப்பர்தான் கைகொடுத்தது. பாக்கெட்டில் இருந்ததெல்லாம் ஸ்ட்ராபெரி வாசனை. கண்ணாடியில் இழுத்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது. எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாகிவிட்டது. "இது ஆவாது" என்றேன். மகன் பெருமூச்சு விட்டபடி கீழே டப்பாவெல்லாம் தேடி, வெள்ளை ரப்பர் கொஞ்சம் எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றாக அமுக்கினேன். ஒன்றில் குழி விழுந்தது, உடனே மறைந்தது. இழுத்தால் பிடித்துப் பிடித்து வந்தது. காகிதச் சட்டை போட்டிருந்தது. "இது" என்றேன். அன்றைக்கு முழுக்க நான் சரியாகச் செய்தது அந்த ஒன்றுதான்.

படையல் வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில். ராஜகுளத்தில் இருந்து அத்தை வந்திருந்தார். நைனாவின் அக்கா. பூவாடைக்காரிக்கு முறை தெரிந்தவர். பலகை போட்டு, அம்மா எடுத்திருந்த மயில்கலர் சுடிதாரை மஞ்சள் தண்ணீரில் நனைத்து மடித்து வைத்தார்கள். முறத்தில் கொழுக்கட்டை, முறுக்கு, அவளுக்கு உயிரான முட்டை பப்ஸ். பப்ஸைப் பார்த்து அத்தை கொஞ்சம் யோசித்தார். "சரி, துன்ற சாமான். இருக்கட்டும்." அடுத்து நான் பென்சிலை வைத்தேன்.

"படிச்ச பொண்ணு. வெக்கலாம்" என்றார் அத்தை.

"சீவாம வெச்சா எப்டிக்கா எழுதும்?" என்று நைனா கேட்டார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவராக வாய் திறந்து ஒன்று கேட்டது அதுதான்.

"சாமி எதிர்க்க பிளேடு காட்டக் கூடாதுடா. இரும்பு ஆவாது. அதுவே சீவிக்கும்."

"அவளே எத்தினி நாளிக்குச் சீவிக்கினு கீறது" என்று நைனா முனகினார். நான் ரப்பரை எடுத்து வைத்தேன்.

"இது இன்னா?"

"ரப்பர் அத்த. அழிக்கற ரப்பர்."

"ரப்பர் எதுக்கு?" என்றார் அத்தை. "சாமி தப்பு எழுதுமா?"

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை, நியாயமான பேச்சைக் கேட்டால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"எழுதுவா அத்த. அவ நெறைய தப்பு எழுதுவா."

அத்தை என் கன்னத்தைத் தொட்டார். "அவ எழுதுனா கண்ணு. சாமி எழுதாது."

ரப்பரை எடுத்து அலமாரித் தட்டில் வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தேனுவை மேலே தூக்கி வைக்கிறார். நான்தான் காலைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

பலகையின் மறு ஓரத்தில் இன்னொரு மடித்த துணி இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பழைய பூவாடைக்காரி ஒருத்தி உண்டு. நைனாவின் தாத்தாவோடு பிறந்தவள் என்பார்கள். அவளுக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் வைக்க வேண்டும், வேறு கலர் ஆகாது. அம்மா வளையலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பேரு இன்னா அத்த?" என்று கேட்டேன்.

"பூவாடக்காரிதான்."

"அதில்ல. வூட்ல இன்னான்னு கூப்ட்டாங்க?"

அத்தை நைனாவைப் பார்த்தார். நைனா விளக்கைப் பார்த்தார். "தெரிலியே கண்ணு" என்றார் அத்தை. "யாரு கேட்டா இத்தினி நாளா?"

வளையலின் கலர் தெரிகிறது. பெயர் தெரியவில்லை.

கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் கூப்பிட வேண்டும். எல்லோரும், "அம்மா, தாயே, வந்து ஏத்துக்கம்மா" என்று கூப்பிட்டார்கள். எனக்கு வாயில் வந்தது "தேனு" என்றுதான். பாதி வரும்போதே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பேரு சொல்லிக் கூப்டக் கூடாதுடி. இனிமே எப்பவும் சொல்லாத. சாமி."

அத்தை தீப்பெட்டிக்குத் திரும்பிய நேரத்தில் ஒன்று நடந்தது. அம்மா எழுந்து அலமாரியிடம் போனாள். திரும்பி வந்து பலகை முன்னால் உட்கார்ந்தாள். நனைந்த சுடிதாரின் மடிப்பைத் தூக்கி, கையில் இருந்ததை உள்ளே வைத்து, துணியை நீவிவிட்டாள். பச்சைப் பிள்ளைக்குக் கீழே துணி மாற்றிவிடுகிற மாதிரி, பதறாமல். என்னைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. கற்பூரம் சுற்றும்போது எல்லோரும் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நான் அந்தத் துணியில் மேடாகத் தெரிந்த இடத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

மறுநாள் பலகையை எடுத்தபோது ரப்பர் அதில் இல்லை. பென்சிலைச் சித்தப்பா வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். அது இரண்டு பக்கமும் சீவிக்கொண்டு ஓடியது. அம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பத்திரிகை வைக்கப் போவதும் வருவதுமாக வீடு நிறைய ஆள். எல்லோரும் தேனுவின் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

பெயரைத்தான் யாரும் சொல்வதில்லை. முன்பு எங்கள் வீட்டில் விடிந்தது முதல் அதிகமாகக் கேட்ட சத்தம் அந்தப் பெயர்தான். "தேனு, கோழிய வெரட்டு." "தேனு, மோட்டர நிறுத்து, தொட்டி ரொம்பிப் போச்சி." "ஏ தேனு, எத்தினி வாட்டி கூப்டறது, காது இன்னா செவுடா?" அம்மா அடுப்பங்கரையில் இருந்து கத்துவாள், நைனா வாசலில் இருந்து கத்துவார், நான் குளிக்கிற இடத்தில் இருந்து துண்டு கேட்டுக் கத்துவேன். அவள், "வரேன், வரேன்" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே இருப்பாள். இப்போது அம்மா காலையும் மாலையும் படத்துக்கு முன்னால் நின்று, "தாயே" என்கிறாள். மெதுவாக, மரியாதையாக. தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டால், ஒன்றும் சொல்லாமல் அவளே எழுந்துபோய் மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறாள்.